ஸ்பானிஷில் இந்த ‘சே’ எதற்கு? ‘மே லெவாந்தோ’வில் யார் யாரை எழுப்புகிறார்கள்?

தேன்சிட்டு

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. நிகழ்காலம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இப்போது ரிஃப்ளெக்சிவ் வினைகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

‘செய்பவரே அந்தச் செயலுக்கு ஆளாகும் வினை’ என்று பாடநூல் சொல்கிறது. லவார் என்றால் கழுவு, லவார்சே என்றால் தன்னையே கழுவு. சரி, புரிகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே ‘மே லெவாந்தோ’, நான் எழுகிறேன் என்று வருகிறது. இதில் யார் யாரை என்ன செய்கிறார்கள்? கெஹார்சே என்றால் குறைசொல்வதாம். என்னை நானே குறைசொல்கிறேனா என்றால் அதுவும் இல்லை, ஹோட்டல் அறையைப் பற்றிச் சொன்னாலும் அதே வினைதான். ‘வோய்’ என்றாலும் போகிறேன், ‘மே வோய்’ என்றாலும் போகிறேன்.

மே, தே, சே, நோஸ், ஓஸ், சே என்ற வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதுதான் தெரியவில்லை. யாராவது விளக்குங்களேன்.

வினைத்தொகை

‘தன்னையே’ என்ற விளக்கத்தை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். லவார்சே, பெய்னார்சே (தலைவாருதல்) போன்ற சில வினைகளைத் தாண்டி அது ஓடாது.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். நமக்கு ஒரே வேரிலிருந்து இரண்டு வினைகள் கிடைக்கின்றன. மெல்லினம் வல்லினமாகிறது, அல்லது ஒற்று இரட்டிக்கிறது, அவ்வளவுதான். ஸ்பானிஷில் பெரும்பாலும் பிறவினை மட்டும்தான் அகராதியில் வெறுமையாக நிற்கும். அதிலிருந்து தன்வினை செய்ய அவர்கள் ‘சே’யை ஒட்டுகிறார்கள்.

லெவந்தார் என்றால் ‘எழு’ இல்லை, ‘எழுப்பு’ அல்லது ‘தூக்கு’. லெவந்தார்சேதான் ‘எழு’. இதே கணக்கில் மற்றவற்றைப் பாருங்கள்:

தெஸ்பெர்தார் தூக்கத்திலிருந்து ஒருவரை எழுப்புவது, தெஸ்பெர்தார்சே தானே விழித்துக்கொள்வது. செந்தார் உட்காரவைப்பது, செந்தார்சே உட்காருவது. அகொஸ்தார் படுக்கவைப்பது, அகொஸ்தார்சே படுப்பது. மொவேர் நகர்த்துவது, மொவேர்சே நகர்வது. செகார் உலர்த்துவது, செகார்சே உலர்வது. அசுஸ்தார் பயமுறுத்துவது, அசுஸ்தார்சே பயப்படுவது.

உயிரில்லாத பொருளுக்கும் இது பொருந்தும். ‘லா புவேர்தா சே அப்ரியோ’ என்றால் கதவு தன்னைத்தானே திறந்துகொண்டது என்று மந்திரக்கதை சொல்லவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே. ‘சே ரொம்பியோ எல் வாசோ’ என்றால் டம்ளர் உடைந்தது. சே இல்லாமல் ‘ரொம்பியோ எல் வாசோ’ என்றால் டம்ளரை உடைத்தான். ‘உடைந்தது’, ‘உடைத்தான்’ என்பதில் நமக்கு வரும் ந்-த் மாற்றத்தின் வேலையை அங்கே ஒரு தனிச்சொல் செய்கிறது.

இனிமேல் புது வினை ஒன்றைப் படிக்கும்போது, வெறும் வடிவம் எழுப்பு ரகமா, எழு ரகமா என்று கேளுங்கள். ‘எழுப்பு’ ரகமென்றால் உங்களைப் பற்றிச் சொல்ல சே தேவைப்படும்.

தேன்சிட்டு

ஐயா, இதைப் பாடநூலில் போட்டிருந்தால் என் மண்டை காய்ந்திருக்காது. அப்படியென்றால் ‘மே யாமோ’ கூட இதே வழிதானா? யமார் என்றால் அழைப்பது, யமார்சே அழைக்கப்படுவது?

வினைத்தொகை

ஆமாம், ஏறக்குறைய அதேதான். ஸ்பானிஷ் படிக்கும் யாரும் முதல் நாளே சொல்லிவிடும் வினை அது. ரிஃப்ளெக்சிவ் என்று யாரும் அப்போது சொல்வதில்லை.

சுழியம்

வினைத்தொகை சொன்னது சரி, ஆனால் பாதிதான். தமிழில் இன்னொரு துணைவினை சும்மா கிடக்கிறது, யாரும் அதை எடுப்பதில்லை: ‘கொள்’.

‘மே கொர்தே எல் பேலோ’ என்றால் முடிவெட்டிக்கொண்டேன். வெட்டியது யார்? சலூன்காரர். ஸ்பானிஷ்காரரும் அப்படித்தான் சொல்வார், சலூனுக்குப் போய்வந்து ‘மே கொர்தே’ என்பார். ‘தன்னையே’ விளக்கத்தை வைத்துக்கொண்டால் கத்தரிக்கோலைத் தானே பிடித்ததாக அர்த்தம் வரும். நமக்கோ அதில் சந்தேகமே எழாது. ‘மே ஒபெரே’ என்றால் ஆபரேஷன் செய்துகொண்டேன், டாக்டர்தான் செய்தார். ‘மே இஸே ஊனா ஃபோதோ’ என்றால் போட்டோ எடுத்துக்கொண்டேன். கசார்சே என்றால் கல்யாணம் செய்துகொள்வது. சே இல்லாத கசார் என்றால் செய்துவைப்பது, பாதிரியாரோ பதிவாளரோ செய்வது. இந்த ஜோடி தமிழிலும் ஸ்பானிஷிலும் அச்சு அசலாக ஒன்றே.

உடைக்கும் அப்படித்தான். ‘மே போங்கோ லோஸ் ஸபாதோஸ்’, ஷூ போட்டுக்கொள்கிறேன். போனேர் என்றால் வை, போடு. போனேர்சே என்றால் போட்டுக்கொள்.

செயலின் பலன் செய்பவரிடமே வந்து சேர்கிறது என்பதுதான் ‘கொள்’ளின் வேலை, ‘சே’யின் வேலையும் அதுவே. அப்புறம் ஒரு எச்சரிக்கை: ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதிலுள்ள கொள் இது இல்லை. அது தொடர்வினை. அதற்கு ஸ்பானிஷில் எஸ்தார் (இரு) என்ற துணைவினை வேண்டும், சே அல்ல.

அகராதிப்புழு

இடையில் புகுந்து ஒரு வார்த்தை. வினைத்தொகை சொன்ன உடைந்தது, உடைத்தான் ஜோடியைக் கறாராகப் பார்த்தால் செயப்படுபொருள் குன்றியவினை, குன்றாவினை என்றுதான் சொல்ல வேண்டும். தன்வினை, பிறவினை என்பது வேறு பாகுபாடு. ஸ்பானிஷ் இலக்கணக்காரர்களும் இந்தக் கூட்டம் முழுவதையும் ‘ரிஃப்ளெக்சிவ்’ என்று சொல்வதில்லை. ‘வேர்போஸ் ப்ரொனொமினாலேஸ்’, அதாவது பெயர்ச்சுட்டோடு வரும் வினைகள் என்பதுதான் பொதுப்பெயர். உண்மையான ரிஃப்ளெக்சிவ் அதில் ஒரு சிறு கிளை. பாதிக் குழப்பம் அந்தப் பெயரால் வந்தது.

வினைத்தொகை

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரிதான். தேன்சிட்டுக்கு நினைவில் நிற்க வேண்டுமே என்று பள்ளிப்பாட வார்த்தையை எடுத்தேன்.

நெடுஞ்சாலை

எனக்கு இந்த அணுகுமுறையில் நம்பிக்கை இல்லை. தமிழை ஊன்றுகோலாகப் பிடித்தால் ஒரு கட்டத்தில் அது காலை வாரிவிடும். உதாரணத்துக்கு எர்விர், கொதிப்பது. தண்ணீர் கொதிக்கிறது என்றாலும், தண்ணீரைக் கொதிக்கவைக்கிறேன் என்றாலும் சே இல்லாத ஒரே வினைதான். கம்பியார், மாறுவதும் மாற்றுவதும் அதுவே. சுபீர், ஏறுவதும் ஏற்றுவதும் அதுவே. உங்கள் தன்வினைக் கணக்கு இங்கே என்ன ஆகும்?

இன்னொரு பக்கம், சில வினைகளில் சே கழற்றவே முடியாதபடி ஒட்டியிருக்கிறது. கெஹார்சே (குறைசொல்), அத்ரெவேர்சே (துணி), அர்ரெபெந்தீர்சே (செய்ததற்கு வருந்து), ஹக்தார்சே (பெருமையடி). இவற்றில் சேயை எடுத்துவிட்டால் வினையே கிடையாது. ‘கெஹார்’ என்று தனியாக இன்றைய பேச்சில் யாரும் சொல்வதில்லை. இதற்கெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு வினையையும் அதன் முன்னிடைச்சொல்லோடு சேர்த்து அப்படியே மனப்பாடம் செய்வதுதான் வழி: கெஹார்சே தே, அத்ரெவேர்சே ஆ, எனமொரார்சே தே, கசார்சே கோன், ஃபிஹார்சே என்.

சுழியம்

கடைசி வரியை முழுமனதாக ஏற்கிறேன். ‘கசார்சே’ என்று மட்டும் படித்து, ‘கோன்’ படிக்காமல் விட்டால் நடுவாக்கியத்தில் திணறுவீர்கள். எனமொரார்சேக்கு ‘தே’, கசார்சேக்கு ‘கோன்’. காதலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு இன்னொன்று.

ஆனால் ஊன்றுகோல் பற்றிச் சொன்னதில் உடன்பாடு இல்லை. விதிவிலக்கு இருப்பதாலேயே விதி வீணாகிவிடாது. எர்விர் போன்றவை ஒரு கைப்பிடி. தெஸ்பெர்தார் போன்றவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

தேன்சிட்டு

நெடுஞ்சாலை சொன்ன பட்டியலைக் குறித்துக்கொண்டேன், நன்றி. ஆனால் வோய், மே வோய் இன்னும் பாக்கி இருக்கிறது. இர் என்பது ஏற்கெனவே ‘போ’ தானே? அது எழுப்பு ரகம் இல்லையே. அதற்கு ஏன் சே?

வினைத்தொகை

நல்ல கேள்வி. இங்கே சே வேறு வேலை பார்க்கிறது. ஏற்கெனவே தன்வினையாக இருப்பதில் ஒட்டினால், பொருளில் ஒரு சாயல் கூடும்.

இர் என்றால் ஓரிடத்துக்குப் போவது. பார்வை போய்ச்சேரும் இடத்தின் மேல் இருக்கும். இர்சே என்றால் இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்புவது. ‘மே வோய்’ என்றால் கிளம்புகிறேன். எங்கே என்று சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. வெறும் ‘வோய்’ என்று மட்டும் சொன்னால் ‘இதோ வருகிறேன்’ என்று பொருள்படும். வாசல்மணி அடித்தால் உள்ளிருந்து கத்துவார்களே, அது. விருந்தில் விடைபெறும்போது ‘வோய்’ என்றால் திருதிருவென்று விழிப்பார்கள்.

தொர்மீர் தூங்குவது, தொர்மீர்சே தூங்கிப்போவது. ‘தொர்மீ ஓச்சோ ஓராஸ்’, எட்டு மணி நேரம் தூங்கினேன். ‘மே தொர்மீ என் எல் த்ரேன்’, ரயிலில் தூங்கிவிட்டேன். முதலாவது நீளம், இரண்டாவது ஒரு நொடியில் நிகழும் மாற்றம். எட்டு மணி நேரத்தோடு ‘மே’ சேராது.

கயேர் விழு, கயேர்சே விழுந்துவிடு. மொரீர் இற, மொரீர்சே செத்துப்போ. பத்திரிகைச் செய்தியில் ‘முரியோ’ என்று வரும். வீட்டுக்குள் பேசும்போது ‘சே முரியோ’ என்பது காதில் விழும். இங்கே ‘கொள்’ பொருந்தாது, ‘விடு’வும் ‘போ’வும்தான் பொருந்தும்.

சுழியம்

கொமேர், கொமேர்சேயையும் இதில் சேருங்கள். ‘கொமீ பீட்ஸா’, பீட்ஸா சாப்பிட்டேன், எவ்வளவு என்று தெரியாது. ‘மே கொமீ லா பீட்ஸா’, அந்த பீட்ஸாவை முழுதாக உள்ளே தள்ளிவிட்டேன். சே வந்தால் அளவு திட்டவட்டமாக இருந்தாக வேண்டும்: அந்த பீட்ஸா, மூன்று துண்டு, முழுவதும் என்று ஏதாவது. ‘மே கொமீ பீட்ஸா’ என்றால் காதுக்கு இடிக்கும். பெபேர்சே (குடித்துவிடு), லேயேர்சே (படித்து முடித்துவிடு) எல்லாம் இதே ரகம். ‘மே லேயீ எல் லீப்ரோ என் ஊன் தீயா’, புத்தகத்தை ஒரே நாளில் படித்து முடித்துவிட்டேன்.

அகராதிப்புழு

இதைவிட முக்கியமான ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மறதிதான் அது.

‘சே மே ஒல்விதோ’. எனக்கு மறந்துவிட்டது. ‘நான் மறந்தேன்’ இல்லை, ‘எனக்கு மறந்தது’. நம் நான்காம் வேற்றுமை அங்கே ‘மே’யாக நிற்கிறது. மறதியின் பழி என்மேல் முழுதாக விழாமல் நழுவிக்கொள்கிற அதே தந்திரம். பலருக்கு ‘சே மே’ என்று இரண்டு குட்டிச்சொற்கள் அடுத்தடுத்து வருவதே கிலியைக் கிளப்பும். தமிழ்க்காரருக்கு அந்தப் பயம் வேண்டாம். சே = தானாக நிகழ்ந்தது, மே = எனக்கு. பிரித்துப் பார்த்தால் தீர்ந்தது.

‘சே மே கயோ எல் வாசோ’, டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது. ‘சே லே ரொம்பியோ எல் மோவில்’, அவருடைய கைப்பேசி உடைந்துவிட்டது. ‘சே நோஸ் அகபோ எல் அஸூகார்’, நம்மிடம் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ‘சே மே முரியோ எல் பேர்ரோ’ என்றால் நாய் செத்தது என்ற செய்தி மட்டும் இல்லை, என் நாய், இழப்பு எனக்கு என்பதும் அதில் இருக்கிறது.

கவனிக்கவேண்டியது ஒன்றே. வினை பொருளோடு இயையும், உங்களோடு அல்ல. சாவி ஒன்றென்றால் ‘சே மே ஒல்விதோ லா யாவே’. சாவிகள் பல என்றால் ‘சே மே ஒல்விதாரோன் லாஸ் யாவேஸ்’. ‘எனக்குச் சாவிகள் மறந்துபோயின’ என்பதுபோல. ‘சே மே ஒல்விதே’ என்று தன்மையில் முடித்துவிடாதீர்கள்.

இதே பொருளை இன்னும் இரண்டு விதமாகவும் சொல்லலாம்: ‘ஒல்விதே லாஸ் யாவேஸ்’, ‘மே ஒல்விதே தே லாஸ் யாவேஸ்’. மூன்றும் சரியே. பேச்சில் முதலாவதைக் கொஞ்சம் குறைவாகவே கேட்பேன். அது பழியை நேராக ஏற்றுக்கொள்வது போலிருக்கும்.

நெடுஞ்சாலை

இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த ‘எனக்கு’ ஒப்பீடு நன்றாக ஓடுகிறது. ‘மே குஸ்தா’வும் எனக்குப் பிடிக்கிறது என்பதுதானே.

மழைக்காலம்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். தேன்சிட்டுக்கு இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன்.

திரிந்த வினைக்கு முன்னால் தனியாக: மே லெவாந்தோ, தே லெவாந்தாஸ். திரியாத அகராதி வடிவத்தோடு பின்னால் ஒட்டி: லெவந்தார்மே. துணைவினை இருந்தால் இரண்டில் எதுவும்: ‘மே வோய் ஆ துச்சார்’, ‘வோய் ஆ துச்சார்மே’, இரண்டும் குளிக்கப்போகிறேன்தான். நடுவில் மட்டும் செருகக் கூடாது.

ஏவலில்தான் குட்டிக்கரணம். எழுந்திரு என்றால் பின்னால் ஒட்டும், லெவாந்ததே. எழுந்திருக்காதே என்றால் முன்னால் ஓடிவிடும், நோ தே லெவாந்தெஸ். நாம் எல்லோரும் கிளம்பலாம் என்னும்போது ‘வாமோஸ்’ஸும் ‘நோஸ்’ஸும் சேர்ந்து ஒரு ‘ஸ்’ விழுந்து வாமோனோஸ் ஆகிறது. ஸ்பெயினின் பன்மையில் செந்தாத் + ஓஸ் என்பதில் ‘த்’ விழுந்து செந்தாவோஸ். இர்சேக்கு மட்டும் அந்த ‘த்’ விழாமல் ‘ஈதோஸ்’ என்று நிற்கும். ஆனால் பேச்சில் அதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை, ‘ஈரோஸ்’ என்றே சொல்கிறார்கள். ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கும் ரேயால் அகாதேமியா எஸ்பஞோலாவும் 2017இல் இறங்கிவந்து ஈரோஸையும் ஏற்றுக்கொண்டது. லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் படிப்பவர் என்றால் ஓஸ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அங்கே பன்மை ‘நீங்கள்’ என்பதற்கு உஸ்தேதேஸ், அதற்கும் சே.

பிரெஞ்சு படித்துவிட்டு வருபவர்களுக்கு: முற்றுக்காலத்தில் இங்கே ‘இரு’ வினைக்கு மாறுவது கிடையாது. எப்போதும் அவேர் என்ற துணைவினைதான். ‘மே எ லெவந்தாதோ’. பெண் சொன்னாலும் ‘லெவந்தாதோ’ மாறாது.

தேன்சிட்டு

அர்ஜென்டினாக்காரர் ஒருவரின் காணொளியில் ‘லெவந்தாதே’ என்று ‘தா’வை அழுத்திச் சொன்னார். தவறா, இல்லை எனக்குத்தான் அப்படிக் கேட்டதா?

மழைக்காலம்

சரியாகத்தான் கேட்டீர்கள். அங்கே ‘நீ’ என்பதற்கு ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’. ஏவலின் அழுத்தம் பின்னால் நகரும். சுட்டு மட்டும் ‘தே’யாகவே இருக்கும். வோஸ் தே லெவந்தாஸ்.

நாட்டுக்கு நாடு சே வருவதும் போவதும் உண்டு. நோயுறுவதை ஸ்பெயினில் என்ஃபெர்மார் என்பார்கள், அமெரிக்க நாடுகளில் என்ஃபெர்மார்சே. மெக்சிகோவில் திரும்பிவருவது ரெக்ரெசார்சே, தாமதிப்பது தர்தார்சே என்றெல்லாம் கேட்கும். ஸ்பெயின் ஆசிரியர் அவற்றில் சேயைச் சிவப்பில் அடிக்கலாம். ஒரு நாட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டு போங்கள், மற்றவை பழகப் பழகப் புரியும்.

தேன்சிட்டு

எல்லோருக்கும் நன்றி. நான்கு வாக்கியம் எழுதிப்பார்த்தேன், திருத்துங்கள்.

1. மே தெஸ்பியேர்தோ ஆ லாஸ் சேய்ஸ்.
2. மே லாவோ மீஸ் மானோஸ்.
3. மே தெஸ்கான்ஸோ உன் போகோ.
4. எல்யோஸ் சே மீரான்.

சுழியம்

முதலாவது சுத்தம்.

இரண்டாவதில் ‘மீஸ்’ வேண்டாம், ‘லாஸ்’ போடுங்கள். மே லாவோ லாஸ் மானோஸ். யாருடைய கை என்பதை ‘மே’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. தமிழில்கூடக் கைகழுவிக்கொண்டேன் என்போமே தவிர, என்னுடைய கைகளைக் கழுவிக்கொண்டேன் என்று நீட்டமாட்டோம்.

மூன்றாவதில் ‘மே’ வேண்டாம். தெஸ்கன்ஸார் ஏற்கெனவே ஓய்வெடுப்பது. சேக்கு அங்கே வேலை இல்லை. சே படித்த புதிதில் எல்லாவற்றிலும் ஒட்டத் தோன்றும். யெகார் (வந்துசேர்), என்த்ரார் (நுழை), நஸேர் (பிற), க்ரெஸேர் (வளர்) எல்லாம் சேயில்லாமலே தன்வினைதான்.

நான்காவது இலக்கணப்படி சரி, ஆனால் இரண்டு பொருள் தரும். ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்களா? பெரும்பாலும் சூழலே சொல்லிவிடும். தெளிவு வேண்டுமென்றால் முதலாவதற்கு ‘எல் ஊனோ அல் ஓத்ரோ’ சேருங்கள், இரண்டாவதற்கு ‘ஆ சீ மீஸ்மோஸ்’. தமிழில் ‘பார்த்துக்கொண்டார்கள்’ என்றாலும் இதே இரட்டைக்குழப்பம் உண்டு, கவனித்தீர்களா?

அகராதிப்புழு

கடைகளின் கண்ணாடியில் ‘சே ஆப்லா எஸ்பஞோல்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்று தேட வேண்டாம். இங்கே ஸ்பானிஷ் பேசப்படும், அவ்வளவுதான். ‘சே வேந்தென் காசாஸ்’, வீடுகள் விற்பனைக்கு. அதேபோல் ‘சே லோ தீ’ (அதை அவரிடம் கொடுத்தேன்) என்பதில் வரும் சே வேறு பிறவி. ‘லே லோ’ என்று வரக் கூடாது என்பதால் லே வேடம் மாறிச் சே ஆகியிருக்கிறது. அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

தேன்சிட்டு

கடைசியாக ஒன்று. ‘மே சியேந்தோ பியேன்’ என்று நண்பருக்கு எழுதினேன். நன்றாக இருக்கிறேன் என்று பொருள். ஆனால் செந்தார்சேக்கும் ‘மே சியேந்தோ’தானே? நன்றாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ?

வினைத்தொகை

மாட்டார். செந்தார்சே (உட்கார்), செந்தீர்சே (உணர்) இரண்டுக்கும் தன்மை நிகழ்காலம் ஒன்றேதான், ஆனால் பக்கத்தில் ‘பியேன்’ வந்ததும் உணர்வுப் பொருள்தான் நிற்கும். மற்ற இடங்களில் பிரிந்துவிடும்: அவர் உட்காருகிறார் என்றால் சே சியேந்தா, உணர்கிறார் என்றால் சே சியேந்தே. இறந்தகாலத்தில் மே செந்தே உட்கார்ந்தேன், மே செந்தீ உணர்ந்தேன்.